லயம் என்று கேட்டேன், மிருதங்கம் வந்தது

செயற்கை நுண்ணறிவு பாடும் பாட்டிலும் வரையும் படத்திலும் மனித உணர்வு இருக்கிறதா? திரையிசை முதல் பேராக் தோட்டப்புறம் வரை ஒரு தேடல்.

2024 ஜனவரி இறுதியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடல் வெளிவந்தது. பாடியவர்களின் பெயர்களைப் பார்த்துப் பலரும் வியந்தனர். அவர்களில் ஒருவர் பம்பா பாக்யா. அவர் 2022 செப்டம்பரில் காலமானவர். இன்னொருவர் சாகுல் ஹமீது. ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாடலால் நம் பெற்றோர் தலைமுறைக்கு நன்கு தெரிந்தவர். 1990களின் பிற்பகுதியில் கார் விபத்தில் இறந்துபோனார். இந்த இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஏ.ஆர். ரஹ்மான் மீண்டும் பாட வைத்திருந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும், அவர்களுக்கு உரிய சன்மானம் வழங்கியதாகவும் அவரே அறிவித்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் ‘தி கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாடல் வந்தது. அதில் விஜய்யோடு பாடியது பவதாரிணியின் குரல். ‘பாரதி’ படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற அந்தப் பாடகி, 2024 ஜனவரி 25-ஆம் தேதி புற்றுநோயால் இறந்திருந்தார். பாடலுக்கு இசையமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. அக்காவின் குரலைத் தம்பி கணினியின் துணையோடு மீட்டெடுத்த பாட்டு அது.

எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இந்தப் பாடலால் ஒரு சின்ன விவாதமே நடந்தது. “கேட்டவுடனே புல்லரிச்சிருச்சு லா” என்றாள் ஒரு தோழி. இன்னொருத்தி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். “இறந்தவங்கள எழுப்பிப் பாட வைக்கிற மாதிரி இருக்கு. என்னால முடியாது” என்றாள். ஒரே பாட்டு, ஒரே அறை. ஒருத்திக்குக் கண்ணீர், மற்றவளுக்கு அச்சம். அப்படியானால் அந்த உணர்வு எங்கே இருந்தது? பாட்டிலா, கணினியிலா, கேட்டவரின் நெஞ்சிலா?

இந்தக் கேள்விதான் என்னை விடாமல் துரத்தியது.

குரல் ஒருவருடையது, மூச்சு வேறொருவருடையது

இந்தத் தொழில்நுட்பம் வேலை செய்யும் விதம் தெரிந்தால் கேள்வி கொஞ்சம் தெளிவாகும். ஒரு பாடகரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவருடைய குரலின் நிறம் எப்படிப்பட்டது என்பதை அது கற்றுக்கொள்கிறது. பிறகு, பொதுவாக, உயிரோடிருக்கும் ஒரு பாடகர் புதிய பாடலை முழுமையாகப் பாடிக் கொடுப்பார். அவர் பாடியதன் மேல் கணினி அந்தப் பழைய குரலின் நிறத்தைப் பூசும்.

எந்தச் சொல்லில் இழைய வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் இப்போது உயிரோடிருக்கும் பாடகர்தான். பல நேரங்களில் அவர் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அந்த உழைப்பின் மேல் இன்னொருவரின் குரல் அமர்கிறது. அந்தக் குரலை முன்பே நேசித்த நாம் கேட்டு உருகுகிறோம். பவதாரிணியின் பாட்டுகளைக் கேட்டு வளராத என் தம்பிக்கு இது இன்னுமொரு மென்மையான பாட்டு, அவ்வளவுதான். என் அம்மாவுக்கோ அது இழப்பு. கணினி இருவருக்கும் ஒரே ஒலியைத்தான் கொடுத்தது.

இதே தொழில்நுட்பம் கோபத்தையும் எழுப்பியிருக்கிறது. ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் குடும்பத்தாரின் அனுமதியின்றி இம்முறையில் பயன்படுத்தியதாகக் கூறி, அவர் மகன் எஸ்.பி.பி. சரண் 2024-இல் சட்ட அறிவிக்கை அனுப்பினார். ஓரிடத்தில் அஞ்சலியாகத் தோன்றுவது இன்னோரிடத்தில் அவமதிப்பாகிவிடுகிறது. கேட்டுச் செய்தார்களா, கேட்காமல் செய்தார்களா என்பது அங்கே பெரிய வேறுபாடாக நிற்கிறது.

சோகத்தைத் துடைத்துவிட்டால்

‘அம்பிகாபதி’ படத்திற்கு நடந்தது இன்னும் விசித்திரமானது. 2013-இல் ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்த ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. கதாநாயகன் கடைசியில் இறந்துவிடுவான். அந்த முடிவுக்காகவே படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி, தயாரிப்பு நிறுவனம் அந்தப் படத்தைத் தமிழில் மீண்டும் வெளியிட்டது. இம்முறை செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றியிருந்தார்கள். கதாநாயகன் பிழைத்துக்கொள்கிறான்!

இயக்குநர் கடுமையாக எதிர்த்தார். தன்னுடைய எதிர்ப்பையும் மீறி இது நடந்ததாகவும், படத்தின் ஆன்மாவையே இது பறித்துவிட்டதாகவும் தனுஷ் அறிக்கை வெளியிட்டார்.

ரசிகர்கள் மகிழ்ச்சியான முடிவைத்தானே விரும்புவார்கள், இதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். பள்ளியில் நாம் படித்த சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். கோவலன் கடைசி நேரத்தில் பிழைத்துக்கொண்டான் என்று கதையை மாற்றிவிட்டால், கண்ணகி சிலம்பை உடைக்க வேண்டியதில்லை. பாண்டியன் உயிர் விட வேண்டியதில்லை. மதுரையும் எரியாது. எல்லாரும் நலம். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு நெருங்கியும் நாம் பேசிக்கொண்டிருக்கும் கதை அதுவாக இருக்காது. துயரம் கதையில் ஒட்டிய தூசி இல்லையே, துடைத்துவிட!

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவை மாற்ற விரும்பியது கணினி இல்லை. அதற்கு எந்த விருப்பமும் கிடையாது. மனிதர்கள் சிலர் அப்படி முடிவெடுத்தார்கள், கணினி செய்து கொடுத்தது. ஒரு படைப்பில் உணர்வு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அதை யார், எதற்காகச் செய்யச் சொன்னார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும்.

பாட்டியிடம் இருக்கும் இரண்டு படங்கள்

திரைத்துறையினருக்குப் பணமும் தொழில்நுட்பமும் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு? கையில் ஒரு திறன்பேசி இருந்தால் போதும் என்ற நிலை 2025 மார்ச் மாதம் வந்தது. சாட்ஜிபிடியில் நம் படத்தைக் கொடுத்தால், ஜப்பானின் ஜிப்லி நிறுவனத் திரைப்படங்களின் பாணியில் அது வரைந்து தந்தது. புலனத்தில் எல்லாருடைய முகப்புப் படமும் ஒரே வாரத்தில் மாறியது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் மூத்த கலைஞர் ஹயாவோ மியாசாகி, 2016-லேயே கணினி உருவாக்கிய ஓர் அசைவுப்படத்தைப் பார்த்துவிட்டு, அது உயிருக்கே செய்யும் அவமதிப்பு என்ற பொருளில் பேசியிருந்தார். அதைப் பற்றி அந்த வாரம் நாங்கள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

எங்கள் குடும்பக் குழுவில் ஒருவர், பாட்டியின் அடையாள அட்டைப் படத்தை அப்படி மாற்றிப் போட்டார். அழகாகத்தான் இருந்தது. கன்னம் சிவந்த, பெரிய கண்களுடைய ஒரு ஜப்பானியப் பாட்டி! பாட்டி பார்த்துவிட்டு, “யாரு பாப்பா இது?” என்றார்.

பாட்டியின் இளவயதுப் படங்கள் என்று எங்களிடம் இருப்பவை இரண்டே இரண்டு. அந்த அடையாள அட்டைப் படமும், திருமணத்தன்று எடுத்த ஒரு குழுப்படமும். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர் அவர். மரத்தின் அருகே நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. லயத்து வீட்டின் படமும் இல்லை. இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, செம்பனைதான் இருக்கிறது. பாட்டி ஈப்போ புந்தோங்கில் எங்களோடு இருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது நட்டவற்றில் ஒன்றாகக் கருதப்படும் மரம் இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். 1938-இல் இந்திய அரசு அந்தத் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்யும்வரை அது தொடர்ந்தது. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட் என்று நகரங்களுக்கு நகர்ந்தன. மரத்தின் வரலாற்றுக்குப் படங்கள் உண்டு. பழைய படங்கள் சிலவற்றில் மரத்தோடு தொழிலாளியும் நிற்பார். கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும், அவருடைய பெயர் இருக்காது.

படம் இல்லாத அந்த வாழ்க்கையைக் கணினியால் வரைய முடியுமா? இந்த ஆண்டு விடுமுறையில் முயன்று பார்த்தேன்.

மூன்று மொழிகள், மூன்று பெண்கள்

முதலில் பாட்டி சொன்னவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, படம் உருவாக்கும் செயலி ஒன்றுக்குக் கட்டளைகள் எழுதினேன். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்ததால் எனக்கு மூன்று மொழிகளிலும் எழுத முடியும். மூன்றிலும் எழுதினேன்.

‘1970களில், மலேசியத் தோட்டத்தில், அதிகாலையில் பால்மரம் சீவும் தமிழ்ப்பெண்’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சரிகை போட்ட சேலை, கழுத்து நிறைய நகை, தலையில் மல்லிகை, முகத்தில் புன்னகையோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் தங்க நிறத்தில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் அவள் முதுகில் தேயிலைக் கூடைகூட இருந்தது!

மலாய் மொழியில் ‘பெனோரே கெத்தா’ என்று எழுதினேன். மரங்கள் உடனே திருந்தின. பட்டையில் சாய்வான வெட்டு, அதன் கீழே கோப்பை, எல்லாம் சரியாக வந்தன. ஆனால் நின்றவர் கம்பத்துச் சிறுதோட்டத்து மலாய்க்கார அம்மா. அவரும் விடியலில் எழுந்து மரம் சீவியவர்தான். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அவர் என் பாட்டி அல்ல.

தமிழில் எழுதியபோதுதான் வேடிக்கை. ‘லயத்து வீடு’ என்றேன். மிருதங்கமும் வீணையும் வைத்த ஓர் அறை வந்தது. லயம் என்றால் இசையின் கால அளவு என்றுதான் அதற்குத் தெரியும். ஆங்கிலேயர் சொன்ன ‘லைன்’, தோட்டத்து மக்கள் வாயில் லயம் ஆன கதை அதற்குத் தெரியாது. ‘பெரட்டுக் களம்’ என்றேன். கோழிப் பெரட்டல் போல ஏதோ ஒன்று தட்டில் வந்தது. ‘ஆயாக் கொட்டகை’ என்றேன். ஒரு தாதியும் நான்கு மாடுகளும் வந்தன.

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஏன் இப்படி என்று யோசித்தபோது சிரிப்பு அடங்கியது. இத்தகைய செயலிகள், இணையத்தில் கிடக்கும் படங்களையும் அவற்றோடு இணைந்த சொற்களையும் கோடிக்கணக்கில் பார்த்துக் கற்றவை. 2022-இல் வெளியான ‘லயோன் 5பி’ என்ற புகழ்பெற்ற தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடிப் படங்களும் அவற்றுக்கான சொற்களும் இருந்தன. அவற்றில் 232 கோடி ஆங்கிலம் மட்டுமே. மீதியைத்தான் மற்ற மொழிகளெல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதில் தமிழுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? அந்தத் தமிழிலும் மலேசியத் தோட்டத் தமிழ் எவ்வளவு இருந்திருக்கும்?

கணினி நம் உணர்வை மறுக்கவில்லை. பலரும் பலமுறை படமாகவும் எழுத்தாகவும் போட்டு வைத்த உணர்வை அது நன்றாகவே திருப்பித் தருகிறது. காதல் தோல்வி என்றால் மழையும் சன்னலும் தரும். தாய்ப்பாசம் என்றால் மடியில் குழந்தையைத் தரும். யாரும் பதிந்து வைக்காத உணர்வு அதற்கு இல்லாத உணர்வு.

“இவ்ளோ வெளிச்சம் ஏது?”

மூன்று வார இறுதிகள் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து படங்களைத் திருத்தினேன். ஒவ்வொரு படத்திலும் பாட்டி ஒரு குறை கண்டுபிடித்தார்.

“மரம் சீவப் போறவ பட்டுச்சேலையா கட்டுவா? தாத்தாவோட நீளக்கை சட்டை, கைலி, தலையில துண்டு. அதான் எங்க பட்டுச்சேலை.”

“யாரப் பார்த்துச் சிரிக்கிறா இவ? பின்னால கிராணி நிப்பாரு பாப்பா.”

“வெட்டு இடப்பக்கம் மேலருந்து வலப்பக்கம் கீழ இறங்கணும். இவ மரத்தைச் சுத்தி வெட்டி வெச்சிருக்கா. மரம் செத்துரும்.”

கையில் இருந்தது அரிவாள் இல்லை, உளி. பால் வடிவது கோப்பையில் இல்லை, மங்கில். இடுப்பில் புகையும் கொசுவத்தி வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். படம் மெல்ல மெல்லத் தோட்டத்துக்கு வந்தது. பாட்டிக்கு மட்டும் இன்னும் நிறைவில்லை. கடைசியில் சொன்னார்: “இவ்ளோ வெளிச்சம் ஏது? நாங்க பெரட்டுக்குப் போறப்ப ஒண்ணும் தெரியாது. புள்ள முகமே தெரியாது.”

சூரியனை எடுத்துவிட்டேன். பனிமூட்டத்தை எடுத்தேன். முழு இருட்டு, தூரத்தில் ஒரே ஒரு விளக்கு, இடுப்பில் குழந்தையோடு போகும் ஓர் உருவம். முகம் இல்லை. எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாத படம் அது. கிட்டத்தட்ட கறுப்பு.

பாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, பதிவில் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். என் அப்பாவைக் கைக்குழந்தையாக ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன காலத்தைப் பற்றி. இருட்டில் ஆயாவின் கையில் கொடுக்கும்போது முடியைத் தடவிப் பார்த்துக்கொள்வாராம். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அன்றைக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாராம்.

“வாளி நெறைய பாலு. நெஞ்சுலயும் பாலு கட்டிக்கும். புள்ளைக்குத்தான் நேரத்துக்குக் கெடைக்காது.”

சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். இந்தக் கதை அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதையும் படமாக்க முயன்றேன். முடியவில்லை. குழந்தைக்குப் பசி என்றால் அழும் குழந்தையைக் காட்டியது. தாய்க்கு வலி என்றால் கண்ணீர் விடும் பெண்ணைக் காட்டியது. பாட்டி அழவில்லையே! வேலை செய்துகொண்டிருந்தார். எனவே படம் போடுவதை நிறுத்திவிட்டேன். என் கைப்பேசியில் இப்போது இருப்பது ஒரு கறுப்புப் படமும், 47 நிமிட ஒலிப்பதிவும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒலிப்பதிவைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கறுப்புப் படம் இல்லாவிட்டால் பதிவின் கடைசிப் பகுதி கிடைத்திருக்காது.

பார்சலோனாவிலும் இதே தேடல்

இப்படிச் செய்வது நான் மட்டும் இல்லை என்று பிறகு அறிந்தேன். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் ‘டொமஸ்டிக் டேட்டா ஸ்ட்ரீமர்ஸ்’ என்ற வடிவமைப்புக் குழு, ‘செயற்கை நினைவுகள்’ என்று பொருள்படும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. முதியோர், புலம்பெயர்ந்தோர் போன்றோரிடம் பேசி, புகைப்படமே இல்லாத அவர்களின் நினைவுகளைச் செயற்கை நுண்ணறிவால் படமாக்குகிறார்கள். சிறுமியாக இருந்தபோது, சிறையில் இருந்த தந்தையைப் பார்க்க அருகிலிருந்த வீட்டு மாடத்தில் ஏறி எட்டிப் பார்த்த ஒரு மூதாட்டியின் நினைவு அவற்றில் ஒன்று.

அந்தக் குழுவினரிடம் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. புதிய, துல்லியமான செயலிகள் வந்த பிறகும், மங்கலாகவும் கலங்கலாகவும் வரையும் பழைய செயலிகளையே அவர்கள் விரும்புகிறார்கள். படம் மிகத் தெளிவாக இருந்தால் ‘இது அது இல்லை’ என்று மனம் ஒதுக்கிவிடும். மங்கலாக இருந்தால் மீதியை நினைவே நிரப்பிக்கொள்ளும். எங்கள் கறுப்புப் படம் ஏன் வேலை செய்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதில் ஆபத்தும் உண்டு. 2002-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில் 20 பேரிடம், அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பதுபோல் திருத்திய படத்தைக் காட்டினார்கள். யாரும் உண்மையில் பறந்ததில்லை. ஆனால் சில சந்திப்புகளுக்குள் பாதிப் பேர், முழுமையாகவோ ஓரளவோ, அந்தப் பயணம் ‘நினைவுக்கு வருவதாக’ச் சொன்னார்கள். கணினியில் வெட்டி ஒட்டிய படங்களுக்கே அந்த ஆற்றல் என்றால், இன்றைய படங்களுக்கு எவ்வளவு இருக்கும்?

சமூக ஊடகத்தில் ‘அந்தக் காலத் தோட்ட வாழ்க்கை’ என்ற தலைப்போடு பொன்னிற விடியலும் புன்னகையுமாகப் படங்கள் உலா வரும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. நாளைக்கு நம் பிள்ளைகள் அதையே வரலாறு என்று நம்பிவிட்டால், தாத்தாவும் பாட்டியும் பட்டினி கிடந்ததையும் யார் நம்புவார்கள்? மழை பெய்தால் மரம் சீவ முடியாது, அன்றைய வருமானமும் போய்விடும் என்பதை யார் நம்புவார்கள்?

நாம் என்ன செய்யலாம்?

செயற்கை நுண்ணறிவைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலர் இடுபணிக்கும் போட்டிக்கும் அதைப் பயன்படுத்தத்தான் போகிறோம். இந்த முயற்சியில் நான் கற்ற நான்கைச் சொல்கிறேன்.

முதலில் பேச்சு, பிறகு படம். பெரியவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டு, பதிவு செய்த பிறகே படத்தைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் படம் அவர்கள் நினைவை மாற்றிவிடலாம்.

குறை சொல்ல விடுங்கள். ‘அழகா இருக்கு’ என்று பாராட்டுவதைவிட ‘இப்படி இல்லை’ என்று அவர்கள் மறுக்கும் இடத்தில்தான் கதை இருக்கிறது. அந்த மறுப்பை எழுதி வையுங்கள்.

கேட்டுச் செய்யுங்கள். முகமும் குரலும் அவர்களுடையவை. பாட்டியாக இருந்தாலும், படத்தைச் செயலியில் ஏற்றுவதற்கு முன்னும், வெளியே பகிர்வதற்கு முன்னும் கேளுங்கள். இந்தக் கட்டுரையையும் பாட்டிக்குப் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.

மறைக்காதீர்கள். ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென், 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஒரு பிரிவில் வென்றார். அது செயற்கை நுண்ணறிவால் உருவான படம் என்று அறிவித்து, அந்தப் பரிசை ஏற்க மறுத்தார். இரண்டும் வெவ்வேறு கலை, ஒன்றோடொன்று போட்டியிடக் கூடாது என்பது அவர் வாதம். நம் படங்களின் அடியிலும் ‘செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் நமக்கு எந்தக் குறைவும் வராது. நாளைக்கு அதைப் பார்ப்பவர் ஏமாறாமல் இருப்பார்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று உண்டு. அதற்குக் கணினியே தேவையில்லை. தோட்டத்தில் வேலை செய்த கடைசித் தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டது. லயம், பெரட்டு, நிரை, தீம்பார், மங்கு, ஒட்டுப்பால், காண்டா, ஆயாக் கொட்டகை என்ற சொற்கள் அவர்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வாசனை, ஒரு பயம், ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. அவற்றைக் கேட்டு எழுதவும், பதியவும், கையால் ஒரு கோட்டோவியம் வரைந்து வைக்கவும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம், அவர்களுடைய அனுமதியைத் தவிர.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு மாணவர் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதினால் போதும். ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் முந்நூறு சொற்கள், முப்பது கதைகள். அதை வைத்து நாளைக்கு நாம் படம் வரையலாம், பாட்டு எழுதலாம், குறும்படம் எடுக்கலாம், கணினிக்கும் கற்றுக் கொடுக்கலாம். அப்போது யாராவது ‘லயம்’ என்று கேட்டால், மிருதங்கத்திற்குப் பக்கத்தில் ஒரு நீண்ட பலகை வீட்டு வரிசையும் வரட்டும்.